அசனத்துக்கு வந்த உப்பு ஆட்டுக்குட்டி

உளி பிடிக்கச் சொல்லித்தர உங்களுக்கு சங்கரன்கோவிலில் இப்போது ஆள் இருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் செல்போன் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. பிள்ளைகளே, பட்டறைச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். என் முழங்கால் இரண்டும் எனக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டன. போகிற போக்கில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எப்படிச் செய்வது என்று நீங்கள் ஆயிரம் தடவை யோசிக்கிறீர்கள். எதில் செய்வது என்று யாருமே யோசிப்பதில்லை. கல்லா, மரமா, சிமெண்டா, பித்தளையா என்று முடிவெடுக்கிற நேரத்திலேயே பாதிச் சிலை முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைக் கோட்டைவிட்டால் மீதியை எவ்வளவு செதுக்கினாலும் மீட்க முடியாது.

நான் அம்மனுக்கு எடுக்கிற ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பஞ்சுமிட்டாய் தின்று வளர்ந்தவள். கிறிஸ்தவச் சிற்பத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வந்த வேலைகள்தான் எடுத்தன, அதுவும் பெரும்பாலும் காதைத் திருகித்தான்.

முதல் திருகலைச் சொல்கிறேன். ஒரு சபையார் எவர்சில்வரில் ஆளுயரச் சிலுவை கேட்டார்கள். துருப்பிடிக்காது, துடைத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. செய்து நிறுத்திவிட்டு மறு ஞாயிறு போய்ப் பார்த்தால் சிலுவைக்கு முன்னால் ஆண்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். பக்தி இப்படிப் பெருகிவிட்டதே என்று பூரித்துப்போய்ப் பக்கத்தில் போனேன். ஆளுக்கொரு சீப்பை வைத்துக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீசையை முறுக்கி, இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக உள்ளே போனார். தன்னை மறக்க வேண்டிய இடத்தில் நான் ஒரு கண்ணாடியை நட்டு வைத்திருக்கிறேன்! உருவம் சிலுவைதான். ஆனால் அதைச் செய்த மெட்டீரியல் "உன் முகத்தைப் பார்" என்று கூப்பிடுகிறது. இரண்டும் சண்டை போட்டால் எப்போதும் மெட்டீரியல்தான் ஜெயிக்கும்.

இனி ஆட்டுக்குட்டி விஷயம். சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது.

பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊர் முழுக்க சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே அசனம் நடக்கும். பண்டிகை நாளில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய விருந்துக்கு அந்தப் பெயர். எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இந்த ஊரில் கண்டிப்பு அதிகம். அசனத்துக்கு ஒரு சாமானும் கடையில் வாங்கக் கூடாது. எல்லாம் வீடுகளிலிருந்து காணிக்கையாக வர வேண்டும். பருப்பு ஒரு வீடு, கத்தரிக்காய் ஒரு வீடு, புளி ஒரு வீடு என்று தலைமுறையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்தவர்கள் தங்கள் கையாலேயே அண்டாவில் போட வேண்டும். தவசிப்பிள்ளை, அதாவது விருந்துச் சமையல்காரர், கிண்டுவார், தீயைப் பார்ப்பார், எல்லோரையும் திட்டுவார்; ஆனால் ஒரு கறிவேப்பிலைகூடப் போட மாட்டார். ஐயர் ஜெபம் செய்து முதல் வாய் சாப்பிடும்வரை யாரும் ருசி பார்க்கவும் கூடாது. எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

அந்த வருஷம் கோயில் வாசலில், அதாவது சர்ச் வாசலில், ஒரு ஆட்டுக்குட்டி வைக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்து என்னைக் கூப்பிட்டது. மனுஷ உருவம் என்றால் அந்தச் சபையில் ஆயிரம் கேள்வி வரும். ஆட்டுக்குட்டி ஆண்டவருக்கு அடையாளம்தானே, பரவாயில்லை என்றார்கள். ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு நேரம் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி ஆரம்பித்தார். "ஃபைபர்ல செஞ்சிருவோம். தூக்கிட்டுப் போக லேசா இருக்கும்."

"ஆட்டுக்குட்டிய எங்க வே தூக்கிட்டுப் போகப் போறீரு?" என்றார் ஒருவர்.

"அப்ப பித்தளை."

"பித்தளைன்னா வாரா வாரம் புளி போட்டு வெளக்கணும். உம்ம வீட்டுக்காரி வருவாவளா?"

கூட்டம் அண்ணாச்சி வீட்டில்தான்; உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். வர மாட்டார்களாம். பித்தளை போனது. பிறகு வால். செம்மறிக்கு வால் தொங்கும், வெள்ளாட்டுக்கு மேலே தூக்கி நிற்கும். தொங்கினால் சோர்ந்துபோன மாதிரி இருக்கும் என்று ஒரு கட்சி. தூக்கினால் அது வெள்ளாடாகிவிடும், நியாயத்தீர்ப்பு நாளில் தண்டனைக்கென்று இடது பக்கம் நிறுத்தப்படுகிற கூட்டத்தை வலியக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவதா என்று அண்ணாச்சி தலைமையில் இன்னொரு கட்சி. தேநீர் இரண்டு தடவை வந்துபோனது.

நான் மெதுவாகச் சொன்னேன். "உப்புல செய்யலாம்."

செல்லத்துரை அண்ணாச்சி தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

எனக்கு அது திடீரென்று தோன்றியதில்லை. அந்தக் கோயிலுக்குக் கல்லறைச் சிலுவை வேலையாகப் போகும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் பிரசங்கம் காதில் விழும். அந்த ஆட்டுக்குட்டி தன்னையே கொடுத்துவிட்டது என்பார் ஐயர். உப்பு தான் காணாமல் போய்த்தான் வேலை செய்யும் என்று இன்னொரு நாள் சொன்னார். இரண்டையும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான்தான் சேர்த்து யோசித்தேன். கல் ஆட்டுக்குட்டி யாருக்கு எதைக் கொடுக்கும்? நூறு வருஷம் நிற்கும், அவ்வளவுதான். உப்பில் செய்தால் அந்த உடம்பே கொடுக்கிற உடம்பாக இருக்கும். பண்டிகைக்கு நிற்கட்டும், பிறகு மழையில் கரைந்து மண்ணுக்குப் போகட்டும். இப்படியெல்லாம் கமிட்டியில் பேசினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

"கரைஞ்சிருமே அக்கா!" என்று பதறினார் செல்லத்துரை அண்ணாச்சி.

"கரையணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் உப்பு."

ஐயர் சின்ன வயசுக்காரர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இத நான் பிரசங்கத்துல சொல்லிக்கிடுதேன், ஒண்ணும் நினைச்சுக்கிடாதிய," என்றார். அதோடு தீர்மானமானது. வெளியே வரும்போது அண்ணாச்சி என் காதோரமாகக் குனிந்தார். "ஒரு கை வெள்ளை சிமெண்டு மட்டும் கலந்துக்கிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"உப்புக்குத் தெரியும்," என்றேன். பசை, சிமெண்ட், பெயிண்ட் எதுவும் கிடையாது, சுத்த உப்பு மட்டும்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் நல்ல வெள்ளைக் கல் உப்பு மூட்டைகள் என் பட்டறைக்கு வந்து இறங்கின. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்த ஆட்டுக்குட்டி எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் எனக்குப் பெயர் கல்லறைக்காரி. கல்லறைச் சிலுவை, செத்துப்போன தலைவர்களின் மார்பளவு சிலை, இதுதான் காலம் முழுக்க என் பிழைப்பு. அந்த நேரத்தில் புளியங்குடி ரோட்டில் ஒரு புதுக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. பலிபீடத்துக்குப் பின்னால் முழுச் சுவருக்கும் சிற்ப வேலை. அந்த மாதிரி வேலை வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். எனக்கு அதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தக் கட்டடக் கமிட்டிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். எல்லோருக்கும் டீச்சர். முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"செத்தவங்களுக்கு நல்லாத்தான் செய்யுதிய. உயிரோட இருக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுங்க. அசனத்துக்கு வாரேன். ஆட்டுக்குட்டியப் பாத்துட்டு முடிவு சொல்லுதேன்."

அப்படியென்றால் அந்த ஆட்டுக்குட்டிதான் என் பரீட்சைத் தாள். ராப்பகலாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டை மிச்சமில்லாமல் உப்பை நனைத்து அச்சில் இறுக்கி, காயவைத்து, செதுக்கி, எல்லாம் சரியாகப் போனது. ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினால் உள்ளே ஐந்தாறு வெள்ளாடு. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வளர்க்கிறவை. சுற்றி நின்று என் ஆட்டுக்குட்டியை நக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு காது போய்விட்டது. முதுகில் பள்ளம். ஒரு பெட்டையாடு நிதானமாகக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நக்குகிறது, ஏதோ அதற்கென்றே வாங்கிவைத்த மிட்டாய் மாதிரி.

நான் போட்ட சத்தத்தில் இசக்கியம்மாள் ஓடிவந்தாள்.

"ஏட்டி, உன் ஆடு என் பொழப்ப நக்கிட்டு, பாத்தியா!"

அவள் ஆட்டையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கோவப்படாதிய அக்கா. தன் பிள்ளைன்னு நினைச்சு நக்கியிருக்கும். பாவம்."

ஆடுகளை விரட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். காதைச் சின்னதாக்கி இரண்டையும் ஒப்பேற்றலாம். முதுகை இழைத்துவிடலாம். முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எந்த உப்புத்தாளும் கொடுக்க முடியாத ஒரு மென்மை அதில் வந்திருந்தது. பிறந்து தாய் நக்கிவிட்ட குட்டிக்கு முகம் எப்படி இருக்குமோ அப்படியே. வாய் லேசாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. நான் உளியைக் கீழே வைத்துவிட்டேன். முகத்தைத் தொடவே இல்லை. என் கை செய்ததில் மிகச் சிறந்த வேலை என் கை செய்யாததுதான் என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அசனத்தன்று சாயங்காலம் ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய் சமையல் கொட்டகையை ஒட்டிய சாமான் அறையில் இறக்கினோம். ரோஜாப்பூ போட்ட போர்வையால் மூடினோம். பந்தி முடிந்ததும் வாசலில் கட்டிவைத்த பீடத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய்த் திறப்பு விழா. அதற்கு முன்பு யாரும் படம் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிடும் என்று அண்ணாச்சி உத்தரவு. கோயில் முன்னால் வரிசை வரிசையாக ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் டீச்சர், நேராக முதுகை நிமிர்த்தி. இலையில் சோறும் சாம்பாரும் விழுந்தன. விளக்குகள் எரிந்தன. ஐயர் ஜெபம் செய்தார், நீளமாக. ஆமென் சொல்லி, ஒரு வாய் பிசைந்து வாயில் வைத்தார்.

வைத்தவர் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாக மென்று, விழுங்கி, சபையைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்து, "இன்னொரு பாட்டு பாடுவோமா?" என்றார்.

ஜனங்கள் பாட ஆரம்பித்ததும் ஐயர் நழுவிக் கொட்டகைக்கு வந்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். "பொன்னையாண்ணே, சாம்பார்ல உப்பு இல்ல."

தவசிப்பிள்ளை பொன்னையா கரண்டியை ஓங்கினார். "இல்லாம எப்படி இருக்கும்? உப்பு வீட்டுக்காரங்க போட்டிருப்பாவளே!"

உப்பு வீட்டார் தூத்துக்குடியில் குடியேறிவிட்டவர்கள். உப்பளம் வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் மூட்டையை முன்னாலேயே லாரியில் அனுப்பிவிட்டு, அசனத்தன்று குடும்பத்தோடு வந்து தங்கள் கையால் போடுவார்கள். அந்த வீட்டுப் பெரியவர் திருதிருவென்று முழித்தார். "நாங்க வந்து பாத்தோம். மூட்டை ஒண்ணையும் காணும். நேரமாயிட்டுன்னு நீங்களே போட்டுட்டியன்னு நினைச்சோம்."

"நான் போடுவனா? என் வயசுக்கு நான் ஒரு மொளகா போட்டிருப்பனா வே?"

அடுத்த அண்டா, அதற்கடுத்த அண்டா, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம், எதிலும் ஒரு கல் உப்பு இல்லை. ஊர்ப் பெண்கள் சிலர் பரிமாற நின்றிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு சிரங்கை, அதாவது உள்ளங்கை நிறைய, உப்பு கொண்டுவந்தால் போதுமே என்றார் ஐயர். ஒருத்தியும் அசையவில்லை.

"விளக்கு வச்சாச்சு ஐயரே. பொழுதடைஞ்சு உப்பு வெளிய குடுக்கக் கூடாது."

"நாம இதெல்லாம் நம்புததில்லையே?"

"நம்பல ஐயரே. ஆனா குடுக்க மாட்டோம்."

"இது விளக்கே இல்லம்மா, டியூப் லைட்டு!"

"ஸ்விட்சு போட்டாலும் விளக்கு விளக்குதான்."

சங்கரன்கோவிலுக்கு பைக்கில் போய் வாங்கிவருகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். பொன்னையா குறுக்கே விழுந்து மறித்தார். "கடை உப்பு இந்த அண்டாவுல விழுந்துச்சுன்னா நான் இனி கரண்டி தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்." வெளியே பாட்டு மூன்றாவது சரணத்துக்குப் போயிருந்தது. அந்தப் பாட்டில் நான்குதான்.

அப்போதுதான் செல்லத்துரை அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "தூத்துக்குடியில இருந்து லாரி வந்துச்சு. அக்கா கேட்டாவளேன்னு ஆட்டுக்குட்டிக்குத்தான் அனுப்பியிருக்காவன்னு நினைச்சு பட்டறைக்கு அனுப்பிட்டேன். அசன உப்பு பின்னால வரும்னு இருந்தேன்."

"நாங்க அனுப்பினது ஒரே லோடுதான்," என்றார் உப்பு வீட்டுப் பெரியவர்.

எல்லோரும் மெதுவாகச் சாமான் அறைப் பக்கம் திரும்பினார்கள். ரோஜாப்பூப் போர்வை அமைதியாக நின்றது.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அண்ணாச்சியைத் தூக்கி ரசத்தில் போட்டால் என்ன என்று தோன்றியது. வெளியே டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். அவர் இன்னும் ஆட்டுக்குட்டியைப் பார்க்கவில்லை. இது போனால் புளியங்குடிச் சுவர் போச்சு. நான் செத்தாலும் கல்லறைக்காரியாகத்தான் சாவேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "அக்கா, உங்க வேலை. நீங்க சொல்லுததுதான்," என்றார் ஐயர். கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்டதால்தான் மாட்டிக்கொண்டேன். "கரையணும், அதுக்குத்தான் உப்பு" என்று கமிட்டியில் வாய் கிழியப் பேசியது யார்? மழையில் கரைந்தால் சம்மதம், சாம்பாரில் கரைந்தால் கெளரவக் குறைச்சலா? அப்படியென்றால் நான் உப்பைத் தேர்ந்தெடுத்தது வெறும் பேச்சுக்குத்தான் என்று ஆகிவிடும். ஊரே பசியோடு உட்கார்ந்து நாலாவது சரணம் பாடுகிறது.

"சுத்தியலக் கொண்டாங்க," என்றேன். "நான்தான் உடைப்பேன். வேற யாரும் தொடக் கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததைச் சிரிக்காமல் சொல்ல என்னால் முடியாது. போட வேண்டியவர்கள் கையால்தான் போட வேண்டுமே! உப்பு வீட்டார் வரிசையில் நின்றார்கள். பெரியவருக்கு முன்னங்கால். அவர் மகனுக்குப் பின் தொடை. மருமகளுக்கு விலா. ஒவ்வொன்றையும் வெந்நீரில் கரைத்து அண்டா அண்டாவாக ஊற்றினார்கள். பொன்னையா நடுவில் நின்று, "தொடையக் கூட்டுக்குக் கொண்டு போ! முதுகு சாம்பாருக்கு! ஏலே, காலோட எங்க ஓடுத, அது பாயசம்ல!" என்று கத்திக்கொண்டிருந்தார். செல்லத்துரை அண்ணாச்சி வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார். அது தொங்குகிற வால்தான். கடைசியில் அவர் கட்சி ஜெயித்திருந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

தலையை மட்டும் நான் கொடுக்கவில்லை. பொன்னையாவும் போதும் என்றார். ஆடு நக்கிய அந்த முகத்தை முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். உடம்பு போனாலும் டீச்சருக்கு முகத்தைக் காட்டலாம். அது ஒன்றே போதும், பார்த்த நிமிஷத்தில் எனக்கு வேலை கொடுத்துவிடுவார் என்று நம்பினேன்.

உப்புப் போட்ட சாம்பாரை இலைகளில் மறுபடி ஊற்றியதும் பந்தி களைகட்டியது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று சாம்பார் வாளி ஓடியது. திறப்பு விழாவுக்கு என்ன செய்வது என்று அண்ணாச்சிக்குப் பதற்றம். காலியாக இருந்தால் ஜனங்கள் கேட்பார்களே என்று ஒரு வாளியைக் கொண்டுபோய்ப் பீடத்தில் கவிழ்த்து, ரோஜாப்பூப் போர்வையால் மூடி வைத்துவிட்டார். கேட்டால், பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்றார். அவர் யோசித்ததில்தான் இவ்வளவும் வந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து ரசம் பந்திக்குப் போனது. ஒரு நிமிஷத்தில் டீச்சர் குரல், பள்ளிக்கூட மைதானத்தில் கடைசிப் பிள்ளைக்கும் கேட்கிற குரல்: "ரசத்துல உப்பு பத்தலையே!"

பொன்னையா மூட்டையைத் தேடுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார். வருஷத்துக்கு ஒருநாள் கெளரவம் அந்த மனுஷனுக்கு; அதுவும் போகப் போகிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

முந்தானையை அவிழ்த்தேன். அழுகை வந்தது, அழுதேன். அண்டாவுக்குப் பக்கத்தில் அழுதால் புகை என்று நினைத்துக்கொள்வார்கள், அது ஒரு வசதி. உப்பு வீட்டுப் பெரியவர் இரண்டு கையையும் நீட்டினார். வாங்கியவர் உடனே போடவில்லை, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல குட்டி," என்று சொல்லிவிட்டு ரசத்தில் மெதுவாக இறக்கினார். காது முதலில் போனது. அந்தச் சிரிப்பு கடைசியில் போனது. பொன்னையா கிண்டினார்.

டீச்சர் அந்த ரசத்தைக் கையில் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். எழுந்து கை கழுவிவிட்டு நேராகப் பீடத்துக்கு வந்தார். "எனக்குப் புளியங்குடிக்குப் பஸ் இருக்கு. ஆட்டுக்குட்டியப் பாத்துட்டுக் கிளம்புதேன்." ஐயர் ஓடிவருவதற்குள் போர்வையை இழுத்துவிட்டார்.

வாளி. கவிழ்த்த வாளி. அதன் மேல் சிவப்பு பெயிண்டில் "சாம்பார்" என்று தலைகீழாக எழுதியிருந்தது.

டீச்சர் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். நவீன சிற்பமாக இருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சும்மா இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். அண்ணாச்சியும் அதற்குள் உதவிக்கு வந்துவிட்டார். "டீச்சர், நான் யாருக்கும் தெரியாம ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கேன்," என்று போனை நீட்டினார். படம் முழுக்க அவருடைய கட்டைவிரல். விரலுக்குப் பின்னால் ஒரு வால் நுனி.

"டீச்சர்," என்றேன். "ஆட்டுக்குட்டி உப்புல செஞ்சது. அசனத்துல உப்பு இல்ல. உடைச்சுப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"முகத்த மட்டும் உங்களுக்குக் காட்டணும்னு வச்சிருந்தேன். நீங்க ரசத்துக்கு உப்பு கேட்டிய."

டீச்சர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கழுவிய கைதான், இருந்தாலும் பார்த்தார். கூட்டம் முழுக்க எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஜனங்கள் பக்கம் திரும்பி, அந்தப் பள்ளிக்கூடக் குரலில் கேட்டார்.

"சாப்பாட்டுல உப்பு கிடைக்காதவங்க யாராவது இருக்கியளா? இருந்தா கையத் தூக்குங்க."

ஒரு கை எழவில்லை. அவர் கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"திங்கக்கிழமை வந்து சுவரை அளந்துக்கிடுங்க. ஆனா அங்க கல்லுலதான் செய்யணும். எங்க ஊரு தவசிப்பிள்ளைய நம்ப முடியாது."